ஐபோன் 15, கேலக்ஸி எஸ்24: இரண்டில் எது சிறந்தது?

ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியில் உள்ள விவரம் இதுதான். கையில் இருக்கும் போன் வாங்கி நான்கு வருடம் ஆகிவிட்டது. அடுத்தது குறைந்தது ஐந்து வருடமாவது ஓட வேண்டும். ஐபோன் 15 அல்லது சாம்சங் கேலக்ஸி எஸ்24, இரண்டில் ஒன்று. நண்பர்களில் பாதிப்பேர் அதை வாங்கு என்கிறார்கள், மீதிப்பேர் இதை வாங்கு என்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இரண்டுமே இருக்கின்றன. மனைவியிடம் ஐபோன் 15, என்னிடம் எஸ்24. வாங்கிய நாளிலிருந்து எங்களுக்குள் இந்த விவாதம் ஓயவில்லை. போன வருடம் கோடை விடுமுறையில், பேசிக்கொண்டே இருப்பதற்குப் பதில் ஒரு மாதம் போனை மாற்றி வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தோம். வாட்ஸ்அப்பை மட்டும் 'இணைத்த சாதனம்' வழியாக இரண்டு போனிலும் ஓட வைத்தோம். அந்த ஒரு மாதம் கற்றுத் தந்ததைத்தான் எழுதுகிறேன்.

நான் மருந்து விற்பனைப் பிரதிநிதி. திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம், தென்காசி, சங்கரன்கோவில் என்று வாரத்தில் ஐந்து நாள் பைக்கில்தான் இருப்பேன். மனைவி பள்ளி ஆசிரியை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. இந்த இரண்டு போனில் எது சிறந்தது என்ற கேள்விக்கு என் பதிலும் அவள் பதிலும் வேறுவேறு. இரண்டுமே சரியான பதில்தான்.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றைச் சொல்ல வேண்டும். நாம் போடும் சண்டையில் பாதி அமெரிக்காவின் சண்டை. அங்கே உள்ளவர்கள் எடுக்கும் யூடியூப் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, அவர்கள் சொல்லும் காரணங்களையே நாமும் இங்கே ஒப்பிக்கிறோம். அவர்கள் கையில் வைத்துப் பேசும் போன் நம் கடையில் விற்கும் போனே இல்லை.

எஸ்24ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் அது வெளியானபோது அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 3 சிப்போடு வந்தது. அப்போது இந்தியாவுக்கு வந்தது சாம்சங் தானே செய்யும் எக்ஸினோஸ் 2400. பெயர் ஒன்று, உள்ளே மூளை வேறு. அமெரிக்க வீடியோவில் பேட்டரி இத்தனை மணி நேரம் நின்றது, கேம் இப்படி ஓடியது என்று சொல்வதெல்லாம் அந்தச் சிப்பைப் பற்றி. அதை வைத்து இங்கே ஒருவர் மெச்சுவதும் தப்பு, இன்னொருவர் மறுப்பதும் தப்பு. ஐபோன் 15லும் இதே கதைதான். அமெரிக்காவில் விற்பதில் சிம் போட இடமே கிடையாது, முழுக்க இசிம் (அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்). நம் ஊர் போனில் ஒரு நானோ சிம் தட்டும் இசிம் வசதியும் உண்டு.

விலையிலும் அப்படித்தான். அங்கே 128 ஜிபி மாடல் இரண்டுக்கும் வெளியீட்டு விலை 799 டாலர், சரிக்குச் சரி. இங்கே ஐபோன் 15 128 ஜிபி 79,900 ரூபாய்க்கு வந்தது. கிட்டத்தட்ட அதே 79,999 ரூபாய்க்கு எஸ்24 256 ஜிபி வந்தது. ஒரே பணத்துக்கு இருமடங்கு இடம் என்பது, பள்ளி ஆண்டு விழா வீடியோ முழுவதையும் போனிலேயே வைத்திருக்கும் என் மனைவி மாதிரி ஆட்களுக்குப் பெரிய விஷயம். இரண்டுக்கும் அடுத்த மாடல்கள் வந்துவிட்டதால் விலை இறங்கியிருக்கும். நீங்கள் ஒப்பிடும்போது எத்தனை ஜிபி என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம் அந்த நீலக் குமிழி, பச்சைக் குமிழி பேச்சு. ஐபோனிலிருந்து ஐபோனுக்குப் போகும் குறுஞ்செய்தி நீலத்தில் தெரியும், ஆண்ட்ராய்டு போனுக்குப் போவது பச்சையில் தெரியும். அமெரிக்காவில் பாதிக்கு மேல் ஐபோன் என்பதால், பச்சையில் இருக்கும் பிள்ளையை நண்பர்கள் குழுவிலிருந்து ஒதுக்குவது வரை போகிறதாம். நமக்கு இதில் என்ன இருக்கிறது? நாம் எல்லோரும் வாட்ஸ்அப்பில் இருக்கிறோம். இங்கே குறுஞ்செய்தி என்றால் ஓடிபி. பணம் கொடுக்க யுபிஐ, அது இரண்டு போனிலும் ஒரே மாதிரிதான் ஓடுகிறது. ஆகவே அந்தக் காரணங்களைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம்.

சரி, மாற்றி வைத்துக்கொண்ட மாதத்துக்கு வருகிறேன். முதல் நாளே எனக்குச் சிக்கல் வந்தது சிம்மில். என்னிடம் இரண்டு எண். ஒன்று கம்பெனி கொடுத்தது, இன்னொன்று பதினைந்து வருடமாக எல்லோருக்கும் தெரிந்த என் பிஎஸ்என்எல் எண். மலையடிவாரப் பக்கம் போனால் அதுதான் எனக்குக் கைகொடுக்கும். எஸ்24ல் இரண்டு சிம்மையும் அப்படியே போடலாம். ஐபோனில் ஒன்றுதான் போக முடியும், மற்றதை இசிம்மாக மாற்ற வேண்டும். ஒரு மாதத்துக்காக மாற்றிவிட்டு, திரும்பவும் சாதா சிம்முக்குக் கடைக்கு அலைய மனம் வரவில்லை. அலமாரியில் கிடந்த பட்டன் போனில் இரண்டாவது சிம்மைப் போட்டுக்கொண்டு மாதம் முழுக்க இரண்டு போனோடு அலைந்தேன். மனைவிக்கு இருப்பது ஒரே எண். அவளுக்கு இப்படி ஒரு கேள்வியே வந்ததில்லை.

இரண்டாவது, அழைப்புப் பதிவு. மருந்துக் கடைக்காரர்கள் ஆர்டரை போனில்தான் சொல்வார்கள். ஓட்டிக்கொண்டிருக்கும்போது வண்டியை ஓரம் கட்டிப் பேசுவேன், எழுத நேரம் இருக்காது. எஸ்24ல் பதிவு தானாக விழுந்துவிடும், இரவு வீட்டில் உட்கார்ந்து கேட்டு எழுதிக்கொள்வேன். ஐபோனில் இந்த வசதி 2024 அக்டோபரில், அதன் இயங்குதளமான ஐஓஎஸ் 18.1ல்தான் வந்தது. அதிலும் பதிவு தொடங்கும்போது எதிர்முனையில் இருப்பவருக்கு ஓர் அறிவிப்பு கேட்கும். முதல் வாரம் கடைக்காரர்கள் "என்ன தம்பி, ரெக்கார்டு பண்றீங்களா?" என்று திடுக்கிட்டார்கள். யோசித்துப் பார்த்தால் அறிவிப்பதுதான் நேர்மை. அந்த மாதத்துக்குப் பிறகு என் போனுக்குத் திரும்பியும், "ஆர்டரைப் பதிவு செய்துகொள்கிறேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுத்தான் பேசுகிறேன். இந்தப் பழக்கத்தை எனக்குக் கொடுத்தது ஐபோன்.

வெயில் விஷயத்தில் இரண்டும் எனக்குத் திருப்தி. திரையின் உச்ச வெளிச்சத்தை அதற்கான அளவான நிட்ஸில் சாம்சங் 2,600 என்கிறது, ஆப்பிள் 2,000 என்கிறது. ஆலங்குளம் ரோட்டில் மதியம் ஒரு மணிக்கு மேப் பார்க்க இரண்டிலும் கண்ணைச் சுருக்க வேண்டியிருக்கவில்லை.

பைக் ஓட்டுபவராக இருந்தால் இதை மட்டும் கவனமாகப் படியுங்கள். இன்றைய நல்ல கேமராக்களில் கை நடுக்கத்தைச் சரிசெய்ய லென்ஸோ சென்சாரோ காந்தத்தின் பிடியில் மிதந்து நகரும்படி வைத்திருப்பார்கள். இரண்டு போனிலும் அது உண்டு. பைக் என்ஜினின் தொடர் அதிர்வு இந்தப் பாகத்தைக் காலப்போக்கில் கெடுக்கலாம், ஹேண்டில்பாரில் நேரடியாக மாட்ட வேண்டாம் என்று 2021 செப்டம்பரில் ஆப்பிளே எச்சரித்தது. ஸ்கூட்டர் மாதிரி சின்ன வண்டி என்றாலும் அதிர்வைத் தாங்கும் ஹோல்டர் போடச் சொன்னது. எனக்கு முன்பு இருந்த வேறொரு போனில் இது நடந்தே விட்டது. ஒரு வருடம் ஹோல்டரில் மாட்டி ஓட்டியதில், கேமராவைத் திறந்தாலே படம் தானாக ஆட ஆரம்பித்தது. கேமரா பாகத்தையே மாற்ற வேண்டியிருந்தது. எந்தப் போன் வாங்கினாலும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காதில் வழியைக் கேட்டு ஓட்டுங்கள்.

இனி மனைவியின் பக்கம். அவள் என் எஸ்24ஐ வைத்திருந்த மாதத்தில் மிகவும் ரசித்தது 3 மடங்கு ஜூம். ஐபோன் 15ல் தனி ஜூம் லென்ஸ் இல்லை. 48 மெகாபிக்சல் சென்சாரின் நடுப்பகுதியை வெட்டி 2 மடங்கு தருகிறது, அது நன்றாகவே இருக்கிறது. ஆனால் மேடையில் ஆடும் பிள்ளையைப் பின்வரிசையிலிருந்து எடுக்க 3 மடங்கு லென்ஸ் வேறு சங்கதி. அதே சமயம், வீடியோவுக்கும் ஓடுகிற பிள்ளைகளுக்கும் தன் போன்தான் என்று அவள் அடித்துச் சொல்கிறாள். நானும் ஒப்புக்கொள்கிறேன். எங்கள் பையன் தாமிரபரணிப் படித்துறையில் குதித்ததை ஐபோனில் எடுத்தேன். பையிலிருந்து எடுத்து ஒரு தட்டுத் தட்டியதும் படம் விழுந்துவிட்டது. எதையும் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. இந்த 'யோசிக்க வேண்டியதில்லை' என்பதைத்தான் அவள் ஒன்றரை வருடமாக எனக்குச் சொல்லிவந்தாள். கையில் வைத்துப் பார்க்காமல் எனக்கு அது விளங்கவில்லை.

திரை பற்றிப் பலரும் சூடாகப் பேசுகிறார்கள். எஸ்24 திரை நொடிக்கு 120 முறை வரைக்கும் புதுப்பிக்கும், ஐபோன் 15 திரை 60 முறைதான். எண்பதாயிரம் ரூபாய் போனில் 60தானா என்ற கோபம் நியாயமானது. கையில் எடுத்த முதல் நாள் எனக்கு அந்த வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது. பத்தாம் நாள் தெரியவில்லை. மனைவிக்குக் கடைசி வரை தெரியவே இல்லை.

தமிழில் எழுதுவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம். நாளில் பாதி நேரம் நாம் போனில் செய்வது அதைத்தானே? நான் குரலில் சொல்லித் தட்டச்சுபவன். கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் 2017 முதல் தமிழில் பேசி எழுத முடிகிறது. ஆண்ட்ராய்டில் எந்தச் செயலியைத் திறந்தாலும் விசைப்பலகையிலேயே மைக் நிற்கும். அந்தச் சௌகரியத்துக்கு என் கை, இல்லை என் வாய், பழகிவிட்டது. மனைவி விரலில் எழுதுபவள். ஐபோனில் தமிழ்99, அஞ்சல் என்ற இரண்டு தட்டச்சு முறைகளும் பத்து வருடத்துக்கு மேலாக உள்ளேயே வருகின்றன. அவள் அஞ்சலில் எழுதுவாள். மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் உருவாக்கிய முறை அது, 'ammaa' என்ற ஒலிப்படி தட்டினால் 'அம்மா' வரும்