ரஸ்கோல்னிகோவின் கோபம் யார் மீது?

கேள்வி: தஸ்தயெவ்ஸ்கியின் ‘குற்றமும் தண்டனையும்’ நாவலை ஃப்ராய்டின் கோட்பாட்டை வைத்து ஆய்வு செய்கிறேன். ஸ்விட்ரிகைலோவ் ‘இட்’, ரஸ்கோல்னிகோவ் ‘ஈகோ’, சோனியா ‘சூப்பர் ஈகோ’ என்று பிரித்து எழுதினேன். “இதில் ஆய்வு எங்கே?” என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எங்கே தவறினேன்?
– முதுகலை மாணவி, திருநெல்வேலி

பதில்: ஆளுக்கொரு பெயர் சூட்டியதில்தான். 1923இல் ஃப்ராய்ட் இட் (கட்டுக்கடங்காத இச்சை), ஈகோ (நிதானிக்கும் ‘நான்’), சூப்பர் ஈகோ (கண்டிக்கும் மனசாட்சி) என்ற இந்த மூன்றையும் விளக்கியபோது ஒரே மனத்துக்குள் நடக்கும் இழுபறியைத்தான் சொன்னார். மூன்று பேருக்குப் பங்கிட்டுவிட்டால் இழுபறி போய்விடும், பட்டியல்தான் மிஞ்சும். அடகு பிடிக்கும் கிழவியைக் கோடாரியால் கொல்லும் ஏழை முன்னாள் மாணவன் ரஸ்கோல்னிகோவ் ஒருவனை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கோட்பாட்டைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு, அவன் சொல்லும் காரணமும் செய்யும் காரியமும் ஒட்டாத இடங்களைப் பகுதி, அத்தியாய எண்ணோடு குறியுங்கள். கனவு, மறதி, மயக்கம், அளவு மீறிய கோபம் எல்லாம் நமக்கே தெரியாமல் இயங்கும் நனவிலி மனம் தலைகாட்டும் இடங்கள். திருடிய பணப்பையைத் திறந்துகூடப் பார்க்காமல் கல்லுக்கடியில் மறைக்கிறான். பணத்துக்காகக் கொன்றவன் செய்கிற காரியமா அது? குற்றம் செய்யும் நேரத்தில் மற்றவர்களுக்குப் புத்தி தடுமாறும், தனக்குத் தடுமாறாது என்று நினைத்திருந்தவன், கதவைத் தாழிடாமலேயே கொலை செய்கிறான். அந்தக் கதவு வழியாகத்தான் கிழவியின் தங்கை லிசாவெதா உள்ளே வந்து அவளும் வெட்டுப்படுகிறாள். சிலருக்குக் குற்றவுணர்வு முதலில், குற்றம் பிறகு என்று 1916இல் ஃப்ராய்ட் எழுதினார். திறந்து கிடந்த கதவை அதோடு வைத்துப் பாருங்கள்.

குறித்ததில் ஓர் இடத்தை மட்டும் ஆழமாகத் தோண்டுங்கள். முதல் பகுதி, 3ஆம் அத்தியாயம், அம்மாவின் கடிதம். அவளுடைய ஓய்வூதியம் ஆண்டுக்கு 120 ரூபிள். தங்கை துன்யா வேலை பார்த்த வீட்டில் முன்பணமாக வாங்கிய 100 ரூபிளில் 60 அவனுக்கு வந்தது. இப்போது வசதியுள்ள லூஷினைக் கட்டிக்கொள்ளவும் சம்மதித்துவிட்டாள். வரிக்கு வரி பாசம், வரிக்கு வரி கடன். படிக்கும்போது அவன் முகமெல்லாம் கண்ணீர். முடித்ததும் உதட்டில் வன்மச் சிரிப்பு. அம்மா மேல் கோபப்பட சூப்பர் ஈகோ விடாது. ஆனால் அப்பாவின் வெள்ளிக் கடிகாரத்தையும் தங்கை கொடுத்த மோதிரத்தையும் அடகு வாங்கி வைத்திருக்கும் ஒரு கிழவி இருக்கிறாள். கோபம் அவள் பக்கம் திரும்புகிறது. இதற்குப் பெயர் இடமாற்றம். நெப்போலியன் போன்ற மாமனிதர்களுக்குச் சட்டத்தை மீற உரிமை உண்டு என்று அவன் பேசுவது அதன் மேல் போர்த்திய காரணம் கற்பித்தல்.

பலரும் சறுக்குவது இங்கேதான். கொலைத் திட்டம் கடிதத்துக்கு முன்பே அவன் மனத்தில் இருந்தது. ஆகவே கடிதமே காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அது முடுக்கிவிட்டது, அவ்வளவே. அடுத்து, ஒரே இடத்தை வைத்துக்கொண்டு விளக்கம் நிற்காது, தள்ளி இன்னொரு சான்று வேண்டும். மூன்றாம் பகுதி, 6ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். அம்மாவையும் தங்கையையும் இப்போது ஏன் வெறுக்கிறேன் என்று தன்னையே கேட்கிறான். சில வரிகளிலேயே நினைப்பு கிழவியிடம் தாவுகிறது: உயிரோடு வந்தால் மறுபடியும் கொல்வேன் என்கிறான். இரண்டு வெறுப்பும் ஒரே மூச்சில் வருகின்றன. உங்கள் கட்டுரைக்கு முதுகெலும்பு இதுதான்.

கேள்வி: நாவல் வெளிவந்த 1866இல் ஃப்ராய்டுக்குப் பத்து வயது. அவருடைய கோட்பாட்டை இதில் பொருத்தலாமா?
– வாசகர், மதுரை

பதில்: தாராளமாக. ஆபத்து வேறு இடத்தில், பாத்திரத்தை விட்டு ஆசிரியரிடம் தாவுவதில் இருக்கிறது. 1928இல் ஃப்ராய்டே தஸ்தயெவ்ஸ்கியின் வலிப்பை ஹிஸ்டீரியாவோடும் (மனச்சிக்கல் உடல் நோயாக வெளிப்படுவது) தந்தையின் மரணத்தோடும் முடிச்சுப்போட்டார். பின்வந்த வாழ்க்கை வரலாற்று ஆய்வாளர்கள் அதை மறுத்தார்கள். நாவலில் இல்லாத குழந்தைப் பருவத்தை நாமாகக் கற்பிப்பதும் அதே தவறு. இருப்பதோ ரஸ்கோல்னிகோவின் ஒரு கனவு: ஏழு வயதுப் பையனாக, மிகோல்கா என்பவன் ஒரு குதிரையை அடித்தே கொல்வதைப் பார்த்து அழுகிறான். விழித்ததும் அவன் வாயில் வருவது கோடாரியைப் பற்றிய பேச்சு. அழுத பையன் மட்டுமல்ல, அடித்த மிகோல்காவும் அவன்தான் என்று சொல்ல அந்த இடமே போதும்.