தண்டைத் தொட்டுப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஐயா,

டொராண்டோவில் இருக்கிறேன். செப்டம்பர் கடைசியில் புரூஸ் தீபகற்பம் போனபோது, ஹியூரான் ஏரிக்கரைச் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் சின்னச் சின்ன வெள்ளைப் பூக்கள். செயலியில் காட்டினேன், 'பிரிங்கிள் ஆஸ்டர்' என்றது. எங்கள் வீட்டுப் பக்கம் ரயில் பாதையோரம் பூப்பதும் இதேதானே? விதை எடுத்துப்போய்க் குன்னூரில் அம்மா வீட்டில் போடலாமா?

மா.

அன்புள்ள மா.,

போடக் கூடாது. இதே இனம் கொரியாவுக்குப் போய்ப் பரவி, 2009-ல் சூழலைக் கெடுக்கும் செடிகளின் பட்டியலில் ஏறியது. நீலகிரிக்கு உண்ணிச்செடியும் சீகை மரமும் போதாதா?

நீங்கள் எழுதிய வாரம் நான், அந்தப் பூவின் பெயரில் இருக்கும் பிரிங்கிளின் போர்க்கால நாட்குறிப்பைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். சைரஸ் பிரிங்கிள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்துக் குவேக்கர், அதாவது போரே கூடாது என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர். 1863-ல் உள்நாட்டுப் போருக்கு ஆள் பிடித்தபோது, துப்பாக்கியைத் தொடமாட்டேன் என்றார். கைகால்களை விரித்து, முளையடித்து, வெயிலில் தரையோடு கட்டிப்போட்டார்கள். விஷயம் லிங்கன் வரை போய்த்தான் விடுதலை. அப்புறம் அந்த மனுஷன் மெக்சிகோ வரை அலைந்து லட்சக்கணக்கில் செடிகளைச் சேகரித்தார். செடிகளை உலர்த்திப் பாதுகாக்கும் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தின் உலர்தாவரகம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. 1884-ல் தாவரவியலாளர் ஏசா கிரே இந்த வகைக்கு அவர் பெயரை வைத்தார். நீங்களோ ஒரு செயலியிடம் கேட்டுவிட்டு, 'இதேதானே' என்கிறீர்கள்!

தண்டைத் தொட்டுப் பார்த்தீர்களா? பூவின் முகம் இரண்டுக்கும் ஒன்றுதான்: சுற்றிலும் வெள்ளை இதழ்ப்பூக்கள், நடுவே மஞ்சள், வயதானால் அந்த மஞ்சள் செம்பழுப்பாகும். ரயில் பாதையோரத்தில் நிற்பதன் தண்டை விரலால் வருடுங்கள். வெள்ளை மயிர் தட்டுப்பட்டால் அது மற்ற வகை, பிலோசம். ஏரிக்கரையில் நீங்கள் பார்த்தது வழவழவென்றிருக்கும். இனம் ஒன்று, வகை இரண்டு. (ஆஸ்டர் என்ற பேரினத்திலிருந்து இவற்றை 1990-களில் சிம்ஃபியோட்ரைக்கம் என்ற வேறு பேரினத்துக்கு மாற்றிவிட்டார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை.)

மயிர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்று நினைக்காதீர்கள். இரண்டும் வாழும் இடமே வேறு. மயிருள்ளது மனிதன் கிளறிப் போட்ட மண்ணைத் தேடிப் போகும். அமெரிக்காவின் கிழக்குப் பாதி முழுக்கச் சாலையோரம், ரயில் மேடு, உழவு நின்ற வயல். வட கரோலினாவில் கைவிட்ட வயல்களைப் பற்றி கேத்தரின் கீவர் 1950-ல் எழுதிய ஆய்வு ஒன்று இருக்கிறது: முதல் வருஷம் வேறொரு களை, இரண்டாம் வருஷம் வயலெங்கும் இந்த ஆஸ்டர், மூன்றாம் வருஷம் புல். வழவழப்பானது வடக்கத்திச் செடி. பேரேரிகளைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறைத் தளம், சரளை, மணல் கரை, இங்கெல்லாம் நிற்கும். பாறைத் தளத்தில் விரற்கடை மண்கூட இருக்காது, ஏர் எப்படி இறங்கும்? இனத்தின் பரவலைக் காட்டும் வரைபடமோ இரண்டுக்கும் சேர்த்து ஒரே பச்சையைத் தீட்டிவிடுகிறது. ஒன்று உழவனின் பின்னால் போனது, இன்னொன்று அவன் வராத இடத்தில் தங்கியது. அந்தப் பச்சையில் இது எங்கே தெரியும்?

ஆசை புரிகிறது. அம்மாவின் முற்றத்தில் நீங்கள் இருக்கும் ஊரின் பூ ஒன்று இருக்க வேண்டும், அவ்வளவுதானே? அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது புகைப்படம் கொண்டுபோங்கள். உங்களுக்கே பூ வேண்டுமென்றால் பூக்கடையில் 'மான்டி காசினோ' கேளுங்கள். ரோஜாக் கொத்தில் இடையிடையே செருகுகிறார்களே, அந்தச் சின்ன வெள்ளைப் பூ. உங்கள் ஏரிக்கரை வகையிலிருந்து தேர்ந்தெடுத்து வளர்த்ததுதான். வாங்கியதும் தண்டைத் தடவிப் பாருங்கள்.