வெங்காயத்தின் சொந்தக்காரர்கள்: அஸ்பரகேல்ஸ் கேள்வி பதில்

ஒருவித்திலைத் தாவரங்களில் மிகப் பெரிய வரிசை (பல குடும்பங்கள் அடங்கிய தொகுதி) அஸ்பரகேல்ஸ். தண்ணீர்விட்டான் கிழங்கு சேர்ந்த அஸ்பராகஸ் பேரினம்தான் பெயர் கொடுத்தது. வந்த கேள்விகளில் சில:

கேள்வி: வெங்காயமும் ஆர்க்கிடும் ஒரே வரிசையா? ஒட்டவே இல்லையே!

பதில்: பார்வைக்கு ஒட்டாதுதான். வெங்காயம், கற்றாழை, தண்ணீர்விட்டான் எல்லாவற்றையும் முன்பு லில்லிக் குடும்பம் என்ற ஒரே மூட்டையில் கட்டி வைத்திருந்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்ட பிறகு மூட்டை அவிழ்ந்தது; இவை ஆர்க்கிடோடு ஒரே வரிசையில் சேர்ந்தன. வீட்டிலேயே பார்க்க ஓர் அடையாளம் உண்டு. வெங்காயப் பூக்கொத்து காய்ந்ததும் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். கரித்தூள் பூசியதுபோல் கறுத்த விதை உதிரும். பைட்டோமெலான் என்ற பொருள் தரும் நிறம் அது. இவ்வரிசையில் பலவற்றுக்கு அது உண்டு. ஆர்க்கிட் அதைத் தொலைத்துவிட்டது. அதன் விதை வெறும் தூசு, பூஞ்சையின் துணையின்றி இயற்கையில் முளைக்காது. ஆனாலும் சுமார் 28,000 இனங்களோடு வரிசையின் பெரும்பங்கு அதற்குத்தான்!

கேள்வி: கடையில் வெங்காய விதை என்று கருஞ்சீரகத்தைத் தந்தார்கள். இரண்டும் ஒன்றா?

பதில்: இல்லை. கருஞ்சீரகம் இருவித்திலைத் தாவரம். கறுப்பை மட்டும் நம்பினால் இப்படித்தான் ஏமாறுவோம்.

கேள்வி: சோற்றுக்கற்றாழையும் வேலியோர ஆனைக்கற்றாழையும் அண்ணன் தம்பியா?

பதில்: பங்காளிகள். வரிசை ஒன்று, குடும்பம் வேறு. முன்னதைக் கீறினால் கூழ் வழியும். பின்னதைக் கிழித்தால் நார் வரும். ஆனைக்கற்றாழை பல ஆண்டுகள் காத்திருந்து, ஒரே முறை பூத்துப் பட்டுப்போகும். அதன் உண்மையான நெருங்கிய உறவு யார் தெரியுமா? மாலையில் கட்டும் சம்பங்கி! இரண்டுக்கும் தாயகம் மெக்சிகோ. சம்பங்கியை இப்போது ஆனைக்கற்றாழையின் பேரினமான அகேவிலேயே சேர்த்துவிட்டார்கள். டெக்கீலா என்ற மெக்சிகோ மதுவை வடிப்பதும் ஓர் அகேவிலிருந்துதான். பூக்காரம்மாவிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

கேள்வி: செங்காந்தள்? நிலப்பனை?

பதில்: செங்காந்தள் லிலியேல்ஸ் வரிசை, இதில் சேராது. நிலப்பனை சேரும்; பெயரில்தான் பனை.

கேள்வி: வெனிலா கொடி பூக்கிறது, காய் பிடிக்கவில்லை. உரம் போதவில்லையா?

பதில்: உரத்தில் குறையில்லை. வெனிலாவும் ஆர்க்கிட்தான். மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் தடுக்கிறது. தாயகமான மெக்சிகோவுக்கு வெளியே பூச்சிகளை நம்ப முடியாது. 1841இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த வழியைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். மெல்லிய குச்சியால் மடலைத் தூக்குங்கள். கட்டைவிரலால் மகரந்தத்தைச் சூல்முடியில் அழுத்துங்கள். காலையில் விரியும் பூ அன்றே வாடிவிடும், ஆகவே முற்பகலுக்குள் முடித்துவிடுங்கள்.