அன்டோனியோவுக்கு வசனம் இல்லை

வணக்கம். ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்தை இப்போதுதான் படித்தேன். புராஸ்பரோவின் ஆட்சியைப் பிடுங்கிக்கொண்டு, மூன்று வயதுகூட நிரம்பாத மகளோடு அவனைக் கடலில் தள்ளிவிட்ட தம்பி அன்டோனியோ, 12 வருடம் கழித்துக் கையில் சிக்குகிறான். கையில் மந்திரக்கோலும் இருக்கிறது. புராஸ்பரோவோ மன்னித்துவிட்டுக் கோலையும் துறக்கிறான். தம்பி திருந்தியதாகவும் தெரியவில்லை. இது கோழைத்தனம் இல்லையா? இது ஷேக்ஸ்பியர் தன் நாடக வாழ்விலிருந்து விடைபெற்ற நாடகம் என்கிறார்களே, அது சரியா?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்தபோது அந்தக் கடைசி அங்கத்தைத்தான் நானும் புரட்டிக்கொண்டிருந்தேன்.

விடைபெற்ற கதையை விடுங்கள். ‘டெம்பஸ்ட்’ அரசவையில் நடந்தது 1611 நவம்பரில். அப்புறமும் ஃப்ளெட்சர் என்ற நாடகாசிரியரோடு சேர்ந்து அவர் எழுதியிருக்கிறார்.

கோழைத்தனம் என்றீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நாடகத்தைப் படித்தீர்களா, கதைச்சுருக்கத்தைப் படித்தீர்களா? கோலை முறிப்பேன் என்று புராஸ்பரோ சொல்கிறானே தவிர, எப்போது முறிக்கிறான் என்று எழுதியே இல்லை. ஆட்சியை அவன் விட்டுக்கொடுக்கவும் இல்லை. ‘திருப்பிக் கொடு, கொடுத்துத்தான் ஆக வேண்டும்’ என்று அதே மூச்சில் கேட்கிறான். கூட வந்த நேப்பிள்ஸ் மன்னனைக் கொல்ல அன்டோனியோ போட்ட திட்டம் தனக்குத் தெரியும் என்று காதோரம் சொல்லியும் வைக்கிறான். ‘உன்னைத் தம்பி என்று சொன்னாலே என் வாய்க்கு நோய் வரும்’ என்று திட்டிக்கொண்டேதான் மன்னிக்கிறான். கோழை இப்படியா பேசுவான்?

ஆனால் அதற்கு முன்னால் ஓர் இடம் வருகிறது, அதை மட்டும் மறுபடி படியுங்கள். புராஸ்பரோவுக்கு ஏவல் செய்யும், காற்றால் ஆன ஆவி ஏரியல், சிக்கிய எதிரிகளைப் பற்றி, ‘இவர்களை இப்போது பார்த்தால் உங்கள் மனம் இளகும்’ என்கிறது. ‘அப்படியா நினைக்கிறாய்?’ ‘நான் மனிதனாக இருந்தால் என் மனம் இளகும், ஐயா.’ மனிதனே இல்லாத ஒன்று சொல்லித்தான் அவனுக்கு அது உறைக்கிறது. எனக்கு அங்கே எப்போதும் தொண்டை அடைத்துக்கொள்ளும்.

தம்பி திருந்தவில்லை என்பதும் உங்கள் குறை. திருந்தினால்தான் மன்னிப்பு என்றால் அது கொடுக்கல் வாங்கல், நண்பரே. இதில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. மாணவனாக இருந்தபோது அன்டோனியோவாக நடித்தேன். அண்ணன் மன்னித்த பிறகு அவனுக்கு ஒரே ஒரு வசனம்தான். புராஸ்பரோவின் அடிமையாக அந்தத் தீவில் இருக்கும் காலிபனைப் பார்த்து, ‘இது வெறும் மீன், சந்தையில் விலை போகும்’ என்பான். நன்றியும் இல்லை, மன்னிப்பும் கேட்பதில்லை. மன்னிப்பு விழுந்த இடத்திலிருந்து அந்த மீன் வரைக்கும் எவ்வளவு நேரம் சும்மா நிற்க வேண்டும் தெரியுமா? கையை எங்கே வைப்பது என்றே தெரியாது. முதல் நாள் தலையைக் குனிந்தேன். இயக்குநர் திட்டினார்: ‘குனிந்தால் நீ திருந்திவிட்டாய் என்று அர்த்தம். எழுதியவர் அதை உனக்குக் கொடுக்கவில்லை. நிமிர்ந்து நில்.’

நின்றேன். புராஸ்பரோவாக நடித்தவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் அவன் தோளுக்கு மேலே எங்கேயோ பார்ப்பேன். கடைசி நாள் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், ‘மன்னிப்புக் கேளுடா!’ என்று கத்திவிட்டார். அரங்கமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டுவிடலாம் போலத்தான் இருந்தது.

அடுத்து எனக்கு இருந்தது மீன் வசனம். அதைச் சொன்னேன்.

அன்புடன்.