முதலில் மருத்துவமனை, இல்லம் அப்புறம்

கேள்வி: என் தம்பிக்கு 36 வயது. காலையில் எழுந்ததும் குடித்தால்தான் கை நடுக்கம் நிற்கிறது. போன மாதம் கோபத்தில் அறையில் வைத்துப் பூட்டினோம். இரண்டாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. பயந்துபோய் நாங்களே மதுவை வாங்கி வாயில் ஊற்றினோம். பக்கத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தில், "நாங்களே வந்து தூக்கிக்கொண்டு போகிறோம்" என்கிறார்கள். இன்னொருவர், தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்க ஒரு பொடி தருகிறேன் என்கிறார். எதை நம்புவது?

— பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: சகோதரி, இரண்டுமே வேண்டாம்.

நானும் குடித்தவன்தான். விட்டு 11 வருடம் ஆகிறது. என்னையும் நாலு பேர் வந்து வண்டியில் ஏற்றினார்கள். அங்கே டாக்டர் என்று யாரும் வந்து பார்த்த ஞாபகம் இல்லை. மூன்று மாதம் கழித்து வெளியே வந்த அன்று சாயங்காலமே குடித்தேன்.

பூட்டி வைத்ததில் என்ன நடந்தது என்றால், வருடக்கணக்காக மது அழுத்தி வைத்திருந்த மூளை, அது திடீரென்று நின்றதும் திமிறி எழுகிறது. சில மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை. வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள். அதற்கடுத்த ஓரிரு நாளில் இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரியும், உளறல், காய்ச்சல் வரும். அது உயிரையே எடுத்துவிடலாம். ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம். அதனால் மனநல மருத்துவர் இருக்கும் பொது மருத்துவமனையில் சேருங்கள். டயஸெபாம் போன்ற மாத்திரையைக் கொடுத்து, சில நாட்களில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமினும் தருவார்கள். சேர்க்கும்வரை வீட்டில் சட்டென்று நிறுத்த வேண்டாம். ஒன்று மட்டும்: வலிப்பு வந்தவருக்கு முழு நினைவு திரும்பாமல் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நேராக அவசர சிகிச்சைப் பிரிவுதான்.

அந்தப் பொடியில் டைசல்ஃபிரம் இருந்தால், அதன்மேல் குடிக்கும்போது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். டாக்டர் பார்த்து, நோயாளி தெரிந்தே சாப்பிட வேண்டிய மருந்து அது. வேறு எது இருந்தாலும், பெயர் சொல்லாத பொடியை யார் வயிற்றிலும் போடாதீர்கள்.

உடம்பு தேறியபின் இல்லம் தேவைப்பட்டால், சேர்க்கும் முன் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். ராத்திரி வலிப்பு வந்தால் யார் பார்ப்பார், வெளியே வந்தபின் எத்தனை மாதம் தொடர்ந்து கவனிப்பீர்கள் என்றும் கேளுங்கள். முதல் கேள்விக்கே மழுப்பினால் போனை வைத்துவிடலாம். குடி ஆசையைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன் போன்ற மருந்துகள் உண்டு, டாக்டரிடம் கேளுங்கள். குடிப்பவரின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன. தம்பி வராவிட்டாலும் நீங்கள் போகலாம்.

சரி, அவனை எப்படிக் கூட்டிப் போவது? "குடியை விடு" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த வலிப்பு அவனையும் பயமுறுத்தியிருக்கும். "அது திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள ஒரு டாக்டரிடம் போகலாம்" என்று கூப்பிடுங்கள். என் அக்கா என்னைக் கூட்டிப்போனது, தூக்கம் வரவில்லை என்று நான் புலம்பியதைச் சாக்காக வைத்துத்தான்.

தினமும் எவ்வளவு, கடைசியாக எப்போது, வேறு என்ன மாத்திரை எடுக்கிறான் என்று ஒரு தாளில் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்டால் தம்பி பாதிதான் சொல்வான். நான் கால்வாசி சொன்னேன்.