கோவெண்டர் என்றால் கோயம்புத்தூரா?

கேள்வி: எங்கள் குடும்பப் பெயர் கோவெண்டர். கொள்ளுத்தாத்தா கரும்புத் தோட்ட ஒப்பந்தத்தில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு வந்தவர். ‘கவுண்டர்’ என்பதே கோவெண்டர் ஆயிற்று, ஆகவே நாம் கோயம்புத்தூர்க் கொங்கு வேளாளர் என்று என் மாமா அடித்துச் சொல்கிறார். இது சரிதானா? சொந்த ஊரை அறிய வழி உண்டா?
— வாசகர், டோங்காட்

பதில்: மாமா சொன்னதில் முதற்பாதி சரி, மறுபாதிக்குச் சான்று வேண்டும். கவுண்டர் என்பது ஊரைக் காட்டும் பெயரன்று, பட்டம். கொங்கு வேளாளருக்கு மட்டுமன்றி, வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, சேலம் பகுதிகளின் வன்னியருக்கும், ஜவ்வாது மலை, ஏலகிரி மலைவாழ் மக்களுக்கும் அந்தப் பட்டம் உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறைக்கு வந்தது முதல் 1911 வரை நேட்டாலுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். அவர்களுள் ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து வந்தவர்கள் ஏராளம். ஆகவே, பெயரை மட்டும் பார்த்துக் கோயம்புத்தூருக்குப் பயணச்சீட்டு எடுத்துவிட வேண்டாம்.

தாங்கள் தேட வேண்டியது பெயரையன்று, எண்ணை. வந்திறங்கிய ஒவ்வொருவருக்கும் காலனி அரசு ஓர் எண் கொடுத்தது. பழைய திருமணப் பதிவிலோ பிள்ளைகளின் பிறப்புப் பதிவிலோ அந்த எண் இருக்கக்கூடும். அது கிடைத்துவிட்டால் கப்பல் பட்டியலில் அதே வரியில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் ஆகியவற்றைக் காணலாம். அந்த வரியில் ‘கோவெண்டர்’ என்ற சொல்லே இல்லாவிட்டால் திகைக்க வேண்டாம். குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் நம்மவரிடம் இல்லாததால், ஒரு வீட்டில் பட்டமும் இன்னொரு வீட்டில் தகப்பன் பெயரும் பின்னாளில் இங்கேதான் குடும்பப் பெயராக நிலைத்தன. உடன்பிறந்தாரின் வழியினரே வெவ்வேறு பெயர்களோடு வாழ்வதற்கு இதுவே காரணம்.

கிராமப் பெயரை எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். அதை உரக்கப் படித்துப் பாருங்கள், ஊர் பிடிபடும். ஆனால் தாலுகாவை விட்டுவிடாதீர்கள்: திருப்பத்தூர் என்ற பெயரில் வடக்கே ஓர் ஊரும் சிவகங்கைச் சீமையில் ஓர் ஊரும் உள்ளன. ஜில்லா வட ஆர்க்காடு என்றிருந்தால் இன்னும் கவனம் தேவை. சித்தூர் 1911 வரை அந்த ஜில்லாவைச் சேர்ந்தது. எனவே தங்கள் ஊர் இன்று ஆந்திரத்திலும் இருக்கலாம்.

கொள்ளுப்பாட்டியின் எண்ணையும் மறவாமல் தேடுங்கள். பெண்களுக்கும் தனி எண், தனி வரி உண்டு. கப்பலேறும் முன் தங்கவைக்கப்பட்ட சென்னை டிப்போவிலோ கப்பலிலோ சந்தித்து இணைந்தவர்கள் பலர் என்பதால், பாட்டியின் வரியில் வேறொரு ஜில்லா எழுதப்பட்டிருந்தால் வியப்பதற்கில்லை.