கொட்டகையில் கிடக்கும் தாத்தாவின் ஃபோர் வீல் ஜீப்பைச் சரி பண்ணலாமா, எடைக்குப் போடலாமா?

கேட்டவர் சொல்லியிருப்பது இது: போடி மலையில் ஏலத்தோட்டத்துக்கு ஓடிய 1989 மாடல் மகிந்திரா எம்.எம்.540, ஃபோர் வீல் (நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் சக்தி போகும் ரகம்). தாத்தா போன பிறகு தகரக் கொட்டகையில் வருடக்கணக்காக நிற்கிறது. பார்க்க வந்த மெக்கானிக், "இன்ஜின் ஜாம் ஆயிடுச்சு, எடைக்குப் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டார்.

இன்ஜின் ஜாம் என்பதற்காக மட்டும் அந்த வண்டியைக் கொடுத்துவிடாதீர்கள். கம்பத்தில் சித்தப்பாவின் ஜீப் பட்டறையில் வளர்ந்தவன் என்பதால் இதை உறுதியாகச் சொல்கிறேன். பழைய ஜீப்பில் காசு கொடுத்தால் சரியாகிவிடும் முதல் சாமான் இன்ஜின்தான். காசு கொடுத்தாலும் எளிதில் சரியாகாதவை இரண்டு: சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்), ஆர்.சி. புக் (பதிவுச் சான்று). இந்த இரண்டையும் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். உங்கள் மெக்கானிக் இரண்டையும் பார்த்த மாதிரி தெரியவில்லை.

சேசிஸைப் பார்க்க அரை நாள் ஒதுக்குங்கள். வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி, மரக்கட்டை முட்டுக் கொடுத்து, சேறு முழுவதையும் தண்ணீர் அடித்துக் கழுவி, காயவிடுங்கள். அப்புறம் ஒரு சின்னச் சுத்தியலை எடுத்துக்கொண்டு அடியில் படுத்து, முன் பம்பர் பிடிக்கும் இடத்திலிருந்து பின் கிராஸ் மெம்பர் (பின்பக்கக் குறுக்குச் சட்டம்) வரை தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு 'ணங்'கென்று சொல்லும். உள்ளே அரித்த இரும்பு 'டொக்'கென்று செத்த சத்தம் கொடுக்கும், சில இடத்தில் துரு ஏடு ஏடாக மூஞ்சியில் கொட்டும். பட்டை ஸ்பிரிங் தொங்கும் பிராக்கெட்டுகள், சேசிஸ் மேல் இன்னொரு தகடு ஒட்டிப் பலப்படுத்தியிருக்கும் இடங்கள், பின் கிராஸ் மெம்பரின் உட்பக்கம், இந்த மூன்றிலும் தண்ணீரும் மண்ணும் தங்கும் என்பதால் அங்கே நிதானமாகத் தட்டுங்கள். ஸ்டீரிங் பாக்ஸ் போல்ட் ஆகியிருக்கும் இடத்தை எமரி தாளால் தேய்த்து, டார்ச் அடித்துப் பாருங்கள். மலைப்பாதையில் வருடக்கணக்காக ஒடித்து ஒடித்து ஓட்டிய வண்டிகளில் அங்கே முடி மாதிரி விரிசல் விட்டிருக்கும்.

ஒன்றிரண்டு இடத்தில் ஓட்டை என்றால் தகடு வெட்டி வெல்டிங் வைக்கலாம். ஸ்பிரிங் பிராக்கெட்டுகளைச் சுற்றி மொத்தமும் பொரபொரத்திருந்தால், அல்லது சேசிஸ் முறுகியிருந்தால், விட்டுவிடுவதுதான் நல்லது.

பாடி வேறு விஷயம். தரைத்தகடு இல்லை, டிரைவர் காலடியில் ரோடு தெரிகிறது, பேனட் பிய்ந்து தொங்குகிறது என்றெல்லாம் பயப்படாதீர்கள். ஜீப் பாடி தட்டையான தகடுதான், நல்ல டிங்கர் ஒருவர் வளைத்துக் கொடுத்துவிடுவார். அரியானாவில் மண்டி டப்வாலி என்கிற ஊரில் ஜீப் கட்டுவதே பெரிய தொழில், முழு பாடியையே புதிதாகச் செய்து தருகிறார்கள்.

எங்கள் பட்டறைக்கு ஒரே பருவத்தில் வந்த இரண்டு ஜீப் இன்னும் கண்ணில் நிற்கின்றன. ஒன்று புது பெயின்ட், புது சீட், பளபளவென்று. அடியில் பார்த்தால் சேசிஸில் கோணி ஊசியால் தைத்தது மாதிரி வெல்டிங் தையல், அதன் மேல் பட்டி, அதன் மேல் கறுப்பு பெயின்ட். இன்னொன்றுக்குத் தரையே இல்லை, சீட்டுக்குப் பதில் பலகை. ஆனால் சேசிஸ் முன்னிருந்து பின் வரை ஒரே சத்தம் கொடுத்தது, புக்கும் நேராக இருந்தது. முதல் வண்டியைத் தொட வேண்டாம் என்று சித்தப்பா திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது இன்றும் மேகமலைப் பக்கம் தோட்டத்துக்குப் போய் வருகிறது.

அடுத்து, அது இன்னும் ஃபோர் வீலாகத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். டீசல் மிச்சம் என்று, முன் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் முன் ஜாயின்ட் ஷாஃப்ட்டைக் கழற்றி ஓரம் போட்டவர்கள் நிறையப் பேர். லீவர் இருக்கும், சாமான் இருக்காது. சோதனை எளிது. முன்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, கியரில் போட்டு, ஃபோர் வீல் லீவரைச் சேர்த்து, ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். மற்றது எதிர்ப்பக்கமாகச் சுற்ற வேண்டும், இரண்டையும் சேர்த்து ஒரே பக்கம் சுற்ற முயன்றால் அசையக் கூடாது. அப்படி இருந்தால் முன் கிரவுன் பினியனும் (முன் அச்சின் நடுவில் உள்ள பல்சக்கர ஜோடி) ஷாஃப்ட்டும் சேர்ந்துதான் இருக்கின்றன. (முன் சக்கரத்தை அச்சோடு சேர்க்கவும் பிரிக்கவும் செய்யும் லாக்கிங் ஹப் இருந்தால் முதலில் அதை லாக்கில் திருப்பிக்கொள்ளுங்கள்.) டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் 'டக் டக்'கென்று ஆட்டம் வந்தால் கிங்பின் பேரிங்கோ வீல் பேரிங்கோ போயிருக்கிறது, அது சின்னச் செலவு. முன் நாக்கிளில் (முன் சக்கரம் திரும்பும் மூட்டு) இருக்கும் இரும்புப் பந்தைத் துடைத்துவிட்டு விரலால் தடவுங்கள். வழுவழுப்பாக இருக்க வேண்டும். துரு குழி குழியாக அரித்திருந்தால் எத்தனை புது ஆயில் சீல் போட்டாலும் அந்தக் குழி அறுத்துவிடும், பந்தையே மாற்ற வேண்டி வரும்.

இப்போது இன்ஜின். எம்.எம்.540-இல் இருப்பது பிஜோ எக்ஸ்.டி.பி., 2112 சி.சி. டீசல். சும்மா நின்ற வண்டியில் ஜாம் என்றால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் துருவில் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றி, டீசலும் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி, ஒரு வாரம் ஊறவிடுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். கியரில் போட்டு டிராக்டரில் கட்டி இழுக்கலாம் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், கனெக்டிங் ராடு வளையும். அசைந்து கொடுத்துவிட்டால் டேங்கைக் கழுவி, டீசல் பம்ப்பையும் இன்ஜெக்டரையும் காலிபிரேஷனுக்கு (அளவு சரிபார்க்க) கொடுத்த பிறகு ஸ்டார்ட் பண்ணுங்கள். அசையவே இல்லையென்றால் ஹெட்டைத் திறந்து ரீபோர் (சிலிண்டரை உள்ளே கடைந்து சரிசெய்வது). அதுவும் முடியாவிட்டால் இதே ரக இன்ஜின் சென்னை புதுப்பேட்டை மாதிரி இடங்களில் தேடினால் கிடைக்கும். இன்ஜின் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி புக்கில் ஏற்ற வேண்டும். வேறு கம்பெனியின் கார் இன்ஜினைத் தூக்கி வைக்கிற யோசனையே வேண்டாம்.

இதையெல்லாம் தொடங்குமுன் புக்கை எடுங்கள். சேசிஸில் குத்தியிருக்கும் எண்ணைத் தேடி, தின்னர் போட்டுப் பெயின்ட்டைத் துடைத்து, மேலே வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்து பிரின்ட் எடுங்கள். புக்கில் உள்ள எண்ணோடு ஒவ்வொரு எழுத்தும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால், அல்லது எண் இருந்த இடமே அரித்துப்போயிருந்தால், ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாமல் முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கேளுங்கள்.

புக் தாத்தா பேரில் இருப்பதால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், படிவம் 31 வேண்டும். அத்தை, சித்தப்பாக்கள் எல்லோரிடமும் இப்போதே பேசிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பெயின்ட் அடித்து வாசலில் நிறுத்திய பிறகு கேட்டால் அந்த வண்டியின் மேல் எல்லோருக்கும் ஆசை வரும்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருடம், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கான அந்தக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5000 ஆனது, அதற்குப் பிறகு ரொம்பப் பழைய வண்டிகளுக்கு இன்னும் ஏற்றியிருக்கிறார்கள். தாமதத்துக்கு மாதக்கணக்கில் கூடுதல் பணம், பசுமை வரி எல்லாம் தனி. வருடக்கணக்கில் கிடந்த வண்டிக்கு இது நல்ல தொகையாகவே வரும் என்பதால், மொத்தம் எவ்வளவு என்று முதலில் ஆர்.டி.ஓ. ஆபீசில் கணக்குப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பழைய கையெழுத்துப் புக் வாகன் தளத்தில் (அரசின் வாகனப் பதிவு இணையதளம்) ஏறியிருக்கிறதா, மஞ்சள் போர்டா வெள்ளை போர்டா, கடன் அடைத்த பிறகு எச்.பி. (புக்கில் உள்ள கடன் பதிவு) கேன்சல் ஆகியிருக்கிறதா என்பதையும் அதே நடையில் பார்த்துவிடலாம்.

இந்தக் கேள்விக்குச் சிலர் 'வின்டேஜ் (பழம்பெரும் வண்டி) பதிவு செய்துவிடலாமே' என்று எழுதியிருக்கிறார்கள். 2021-இல் வந்த அந்த விதி, முதல் பதிவு முடிந்து 50 வருடம் தாண்டிய, அசல் நிலையில் இருக்கிற வண்டிகளுக்கு மட்டும். 1989 வண்டிக்குப் பொருந்தாது. பொருந்தினாலும் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, ரிப்பேர் மாதிரி காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம், தோட்டத்துக்குத் தினமும் போக முடியாது. மகிந்திராவின் பழைய சி.ஜே.3பி ஜீப் வைத்திருப்பவர்கள் இதை யோசித்துவிட்டு விண்ணப்பிக்கட்டும்.

உங்களுக்கு ஒரு வசதி, இது மகிந்திரா. ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலையில் 1999 வரை செய்த ஜோங்கா (ராணுவ ஜீப்) என்றால், நாலு லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கும் பாடிச் சாமானுக்கும் ஊர் ஊராக அலைய வேண்டும், நான் இத்தனை தைரியம் சொல்லியிருக்க மாட்டேன். இலங்கைத் தோட்டங்களில் லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களும் இங்கே படிக்கிறீர்கள்: பாடி அலுமினியம் என்பதால் ஏமாறாதீர்கள், கீழே சேசிஸும் டேஷ்போர்டுக்கு முன்னால் உள்ள தடுப்புச் சுவரும் இரும்பு, அங்கேதான் போகும்.

விற்று லாபம் பார்க்கும் எண்ணம் இருந்தால் வேண்டாம், டிங்கரிங்கும் பெயின்ட்டும் மட்டுமே இன்ஜின் செலவைத் தாண்டிவிடும். தினமும் மதுரைக்கு ஓட்ட ஒரு கார் வேண்டுமென்றாலும் இது அதற்கான வண்டி இல்லை, நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஸ்டீரிங் கனக்கும். ஆனால் இன்னும் அந்தத் தோட்டம் உங்களிடம் இருந்து, மழைக்காலத்தில் மேலே ஏற ஒரு வண்டி தேவைப்படுகிறது என்றால், சேசிஸும் புக்கும் தேறிய எம்.எம்.540-ஐச் சரி பண்ணுவதில் எனக்கு இரண்டாவது யோசனையே இல்லை. பிரேக்கை முதலில் முடியுங்கள், பிறகு ஸ்டீரிங், இன்ஜின், வயரிங். பெயின்ட்டை ஒரு மழைக்காலம் ஓட்டிய பிறகு அடித்துக்கொள்ளலாம், அதற்குள் எங்கெல்லாம் தண்ணீர் இறங்குகிறது என்று தெரிந்துவிடும்.

கழுவிய பிறகு பின் கிராஸ் மெம்பர், நாலு ஸ்பிரிங் பிராக்கெட், ஸ்டீரிங் பாக்ஸ் இடம் ஆகியவற்றின் போட்டோவைக் கேள்வியில் சேருங்கள், பார்த்துச் சொல்கிறேன். புக் போட்டோவை மட்டும் பொதுவில் போடாதீர்கள்.